சோலார் பேனல் செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

மலேசியாவில் ஒரு சோலார் செல் ஆலையில், அமிலத் தொட்டிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ரங்கூன் திரும்பியவன் நான். மின்வெட்டு தாங்காமல் நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு பேனல் போடுகிறார்கள். அவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிரியத்திலிருந்து: அண்ணே, பேனலுக்குக் கீழேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். விஷம் ஏதும் இறங்குமா?

இறங்காது தங்கச்சி. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சிலிக்கன் பேனல். முன்னால் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிய செல்கள், எல்லாமே மூடித்தான் இருக்கும். செல்களை இணைக்கும் பற்றவைப்பில் கொஞ்சம் ஈயம் உண்டு. அதனால் உடைந்ததை மழையில் போட்டுவைக்காதே. எனக்குப் பயமெல்லாம் பேட்டரிமேல்தான். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வை. பழைய பேட்டரியை வீட்டுப் பக்கத்தில் உடைத்து உருக்க விடவே விடாதே. ஈயத் தூள் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

மோல்மேனிலிருந்து: சுத்தமான கரண்ட் என்கிறார்களே, செய்யும் இடமும் சுத்தமா ஐயா?

எப்போதும் இல்லை. குவார்ட்ஸ் கல்லை நிலக்கரியோடு உலையில் உருக்கிச் சிலிக்கன் எடுக்கிறார்கள். அதைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டன்னுக்கு 3, 4 டன் சிலிக்கன் டெட்ராகுளோரைடு மிஞ்சும். ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகும். 2008-இல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் அதை வயலோரத்தில் கொட்டிய செய்தி வெளிவந்தது. அதைத் திரும்பப் பிரித்து மறுபடி பயன்படுத்த வழி இருந்தது; செலவைப் பார்த்துத்தான் கொட்டினார்கள். 2011-இல் சீன அரசு 98.5 சதவீதமாவது மீட்க வேண்டும் என்று விதி போட்டது. அதே வருடம் ஹைனிங் நகரில் ஆலைக் கழிவின் ஃப்ளோரைடு ஆற்றில் கலந்து மீன்கள் செத்தன. ஊர் மக்கள் ஆலை வாசலில் திரண்ட பிறகுதான் ஆலை நிறுத்தப்பட்டது.

மாண்டலேயிலிருந்து: தம்பி அந்த வேலைக்குப் போகப் போகிறான். எதற்குப் பயப்பட வேண்டும்?

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கு. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது, அதுதான் மோசம். உள்ளே இறங்கி உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயமே நின்றுவிடும். என்னோடு இருந்த பையனின் கையுறையில் ஊசித் துளை. சம்பளம் பிடிப்பார்களோ என்று ஷிஃப்ட் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. ராத்திரி வலியில் துடித்தான், ஒரு விரல் நுனி போயிற்று. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தம்பி முதல் நாளே கேட்கட்டும். பட்டதும் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, ஆஸ்பத்திரி. யாருக்கும் பயந்து மறைக்கக் கூடாது.

தட்டோனிலிருந்து: வடக்கே கச்சின் மாநிலத்தில் அருமண் (அரிய உலோகங்கள் உள்ள மண்) தோண்டுவது சோலார் பேனலுக்குத்தானே?

இல்லை. அது மின்சாரக் கார், காற்றாலைக் காந்தங்களுக்கு. சிலிக்கன் செல்லுக்கு அருமண் தேவையில்லை.

தலாவிலிருந்து: திறன் கூடிய பேனல் என்றால் நஞ்சும் கூடுதலா?

வகையைப் பொறுத்தது. டாப்கான் என்ற புதுவகைச் சிலிக்கன் செல்லுக்கு வெள்ளி கூடுதலாகத் தேவை. ஆனால் திறன் கூடினால் அதே கரண்டுக்குக் கண்ணாடியும் சிலிக்கனும் குறைவு. செயற்கைக்கோளுக்குப் போகும் காலியம் ஆர்சனைடு செல் செய்ய ஆர்சின் என்ற கொடிய வாயு வேண்டும்; அது நம் கூரைக்கு வராது. இனி வரப்போகும் பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகச் செல்லில் தண்ணீரில் கரையும் ஈயம் இருக்கிறது. அதை வாங்கும் காலம் வந்தால், உடைந்த பேனலைத் திரும்ப எடுப்பார்களா என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.