கோத்து வைத்த இரண்டு ஊசிகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் பாட்டி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், தமது 81ஆம் வயதில் காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. எனக்கு வயது 27. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் என்னை வளர்த்தவர் அவர்தான். பிற்காலத்தில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் விடுமுறைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், ஏழெட்டு ஊசிகளில் வெவ்வேறு நிற நூலைக் கோத்து, தகர டப்பாவுக்குள் இருக்கும் துணித் திண்டில் குத்தி வைத்துவிட்டுப் போகச் சொல்வார். அடுத்த முறை நான் வரும்வரை அவருக்கு அவை போதும். அவர் போன பிறகு அந்த டப்பாவைத் திறந்தபோது, வெள்ளை நூல் கோத்த ஊசி ஒன்றும் கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்றும் மீதமிருந்தன.

இவ்வளவு நினைவிருந்தும், கண்ணை மூடினால் மருத்துவமனைக் கட்டில்தான் வருகிறது. 19 நாட்கள் அங்கே இருந்தார். மூக்கில் குழாய் செருகிய முகமும், என்னை யாரென்று தெரியாமல் பார்த்த பார்வையும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. அவர் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "வேலையில் இருக்கிறேன் பாட்டி, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்றேன். கூப்பிடவில்லை.

வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் அழுதால், "நிறைவாக வாழ்ந்து போனவருக்காக இப்படி அழலாமா?" என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவோ பாட்டியின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதானா? அந்த ஊசிகளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வளர்த்த கையை இழந்திருக்கிறீர்கள். அதற்கு அழுவதில் எந்தத் தவறும் இல்லை. போனவரின் வயதைக் கணக்குப் போட்டு, இருப்பவரின் துக்கத்துக்கு அளவு சொல்லும் வழக்கம் மிகப் பழையது. சுற்றியிருப்பவர்கள் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்துக்கென்றே கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் தனியாக ஒரு நூலைத் தொகுத்தார். உறவினர்கள் ஆறுதலாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல் உங்களை ஒளிந்து அழ வைத்திருக்கிறது.

இனி, அந்தக் கட்டில். அச்சமும் தவிப்பும் உச்சத்தில் இருக்கும்போது நாம் பார்ப்பதை மூளை மிக ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. ஆகவே அந்த 19 நாட்கள் முந்திக்கொண்டு வருவதை வைத்து, உங்கள் அன்பில் ஏதோ குறை என்று எண்ணிவிடாதீர்கள். நினைவு என்பது பெட்டியில் வைத்ததை அப்படியே எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932லேயே காட்டினார். அடிக்கடி எழுப்பப்படும் காட்சி அடுத்த முறை இன்னும் எளிதாக எழும். கட்டிலை விரட்ட முயலாதீர்கள். விரட்டினால் அது பிடிவாதமாகத் திரும்பி வரும். வரும்போது வரட்டும். அது வந்து போன பிறகு, நீங்களாகவே வேறொரு காட்சியை எழுப்புங்கள்.

அதற்கு "பாட்டியின் வாழ்க்கை" என்ற பெரிய தலைப்பு உதவாது. நான்கு வரியில் நீங்கள் நின்றுபோனது அதனால்தான். ஊசியில் நூல் கோத்ததை எழுதுங்கள். நூல் நுனியை ஈரப்படுத்தியது யார், எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தீர்கள், கோத்து முடித்ததும் அவர் என்ன சொன்னார்? அப்படி ஒரு சொல் எங்காவது அகப்பட்டால், அதன் பின்னாலேயே குரலும் வரக்கூடும். பழைய தொலைபேசிகளில் அவர் பேசியது ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நீங்கள் பேசாமல் விட்டது உண்மை, அது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பொய்யான சமாதானத்தால் மூட நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டு நாளில் அவர் விழுவார் என்ற செய்தி இன்று உங்களிடம் இருக்கிறது, அன்று இருக்கவில்லை. இன்றைய அறிவை வைத்து அன்றைய உங்களைக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்பது, அவர் இருப்பார் என்று உறுதியாக நம்பிய பேத்தியின் பேச்சு. அன்று சொல்லாமல் போனதை அவருக்கே ஒரு கடிதமாக எழுதுங்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பிறந்தபோது அவருக்கு 54 வயது. அதாவது, அவருடைய வாழ்வின் மூன்றில் இரண்டு பங்கு நீங்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அவர் எதற்குப் பயந்தார், யாருடன் சண்டையிட்டார், எதைப் படிக்க ஆசைப்பட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் போனது இயல்புதான். தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

அம்மா எழுந்து போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். துக்கத்தில் இருப்பவர்கள் சில நேரம் இழப்பின் பக்கம் திரும்புவதும், சில நேரம் அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலையின் பக்கம் திரும்புவதுமாக மாறி மாறி இயங்குகிறார்கள் என்று மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் என்ற உளவியலாளர்கள் 1999இல் விளக்கினார்கள். ஒரே வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியிருப்பது அரிது. உங்களுக்குப் பாட்டி; அவருக்கு அம்மா. பேச மறுப்பதை மறதி என்று கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாமல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் கடுந்துக்கத்தைச் சிகிச்சைக்குரியதாகக் கருதுகிறது. மாதக் கணக்கு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் எழுதியதிலிருந்து அந்த நிலை எனக்குத் தெரியவில்லை. ஆனால் தூக்கமும் வேலையும் குலையத் தொடங்கினாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஊசிகளிலிருந்து நூலை இப்போது உருவ வேண்டாம். அம்மா ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் அருகில் உட்காருங்கள். பாட்டியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டால் மீண்டும் எழுந்துவிடுவார். பாட்டிக்குத் தையல் கற்றுக்கொடுத்தது யார் என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்