வீட்டு வாசலிலும் ஒரு கேட் இருக்கட்டும்

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் அடிக்கும் பிரிவில் (பெயின்ட் ஷாப்) பதினொரு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். கேட்டிலேயே செக்யூரிட்டி பீடி, தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார். ஷிப்டு முடிந்துதான் கைக்கு வரும். இப்போது வேலை போய் ஏழு மாதம். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் ஆகிறது. மனைவி மாங்கூழ் ஆலைக்குப் போகிறாள், தினமும் சண்டை. வேலை கிடைத்ததும் விட்டுவிடுவேன். அதுவரை அவள் நச்சரிப்பை எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, நச்சரிப்பை நிறுத்த நான் வழி சொல்லப் போவதில்லை. அந்தப் பீடிக்கட்டு அவர் கூலியில் வாங்கியது. கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

போகிறபோக்கில் அந்த கேட்டைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பதினொரு வருடம், ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், பீடி இல்லாமல் நின்று வேலை செய்திருக்கிறீர்கள். கை நடுங்கியிருக்கும், எரிச்சல் வந்திருக்கும், ஆனாலும் செக்யூரிட்டியிடம் சண்டை போடவில்லை. யாரோ ஒருவர் கை நீட்டியதும் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள். கட்டின மனைவி கேட்டால் மட்டும் அது நச்சரிப்பா? சம்பளம் தந்தவனுக்குக் கொடுத்த மரியாதையை, இப்போது சோறு போடுகிறவருக்கும் கொடுங்கள்.

எட்டு மணி நேரம் தாங்குவதும் அடியோடு விடுவதும் ஒன்றல்ல, தெரியும். வேலையில்லாத பகல் நீளமானது. டீக்கடை பெஞ்சும் பீடியும்தான் துணை என்று ஆகிவிடும். உங்களைப் போல எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். வேலையில் இருப்பவர் டென்ஷன் என்கிறார், இல்லாதவர் கவலை என்கிறார். 2009-10 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 16.2 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17இல் அது 20 சதவீதம். நாடு முழுக்கக் குறைந்த அதே காலத்தில் நம் மாநிலத்தில் கூடியிருக்கிறது. வேலை கிடைத்ததும் விடுவேன் என்கிறீர்களே, பதினொரு வருடம் வேலை இருந்ததே, அப்போது ஏன் விடவில்லை?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புகையிலைப் பாக்கெட்டில் 1800-11-2356 என்ற எண் இருக்கும். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள். விட்ட முதல் மூன்று நாள் தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். சில வாரங்களில் அடங்கும். தாங்க முடியாவிட்டால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், நிகோடின் சூயிங்கம் உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பீடியை விட்டு ஹான்ஸுக்கு மாறுவது மட்டும் வேண்டாம், அதுவும் புகையிலைதான்.

அந்த மூன்று நாளும் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். மனைவி ஆலைக்குக் கிளம்பும் முன் உலையை நீங்கள் வையுங்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வாருங்கள். வீட்டில் இருக்கும் ஆண் இதைச் செய்வது கடமை, உதவி என்று பேர் வைக்காதீர்கள். அப்புறம், இன்று ராத்திரி வீட்டில் மிச்சம் இருக்கும் கட்டையும் தீப்பெட்டியையும் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.