குக்கீகளை முழுவதும் அழிக்க வேண்டுமா?

கேள்வி: மஞ்சள் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் விலையைக் கைபேசியில் ஒருமுறை பார்த்தேன். அன்று முதல் செய்தி படித்தாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் அதே குழாய் விளம்பரம் வந்து நிற்கிறது. மகன் சொன்னபடி குக்கீகளை அழித்தேன். எல்லாத் தளங்களும் மீண்டும் பாஸ்வேர்டு கேட்கின்றன, விளம்பரமோ நின்றபாடில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், சிவகிரி, ஈரோடு மாவட்டம்

பதில்: இணையதளத்தை நடத்தும் சர்வருக்கு இயல்பாக நினைவு கிடையாது, ஒரு பக்கத்தை அனுப்பி முடித்ததும், கேட்டவர் யார் என்பதை அது மறந்துவிடும். இக்குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி உருவாக்கியதே குக்கீ. மண்டியில் உங்கள் மஞ்சள் மூட்டைகளுக்கு லாட் எண் போடுவதைப் போல, சர்வர் உங்கள் பிரவுசருக்கு ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. பிரவுசர் அதைச் சேமித்து வைத்து, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் தானாகவே காட்டுகிறது. லாகின் நிலைத்திருப்பது இதனால்தான். இந்த எண்களையும் சேர்த்து அழித்துவிட்டதால்தான் தளங்கள் உங்களைப் புதியவராகக் கருதுகின்றன.

சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கீகளில் இருக்கிறது. குழாய் விற்கும் தளத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், அந்த நிறுவனமும் தன் எண்ணை உங்கள் பிரவுசரில் வைத்துவிடும். நீங்கள் படிக்கும் செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருக்குமானால், பழைய எண்ணைக் கண்டு, குழாய் தேடியவர் இவர்தான் என்று அறிந்துகொள்ளும். குழாயோடு போனால் கவலையில்லை. நோய், கடன், பிள்ளையின் திருமணம் என்று வீட்டாரிடமே தயங்கிச் சொல்வதையெல்லாம் நாம் இணையத்தில் தேடுகிறோம். அவையும் இப்படியே கோக்கப்படுவதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே எல்லாவற்றையும் அடிக்கடி அழிப்பதைவிட, மூன்றாம் தரப்புக் குக்கீகளை மட்டும் தடுத்து வைப்பதே சரி என்பது என் கருத்து. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 முதல் அவற்றைத் தானாகவே தடுக்கிறது. தன் பிரவுசரான குரோமில் அவற்றை நிறுத்தப்போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டதால், அங்கே நீங்களேதான் தடுக்க வேண்டும்: அமைப்புகளில் தனியுரிமை மற்றும் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் அதற்கான தேர்வு இருக்கிறது. ஏதேனும் ஒரு தளம் அதனால் சரியாக இயங்காவிட்டால், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

அழித்த பின்னும் விளம்பரம் தொடர்வதற்கு, நீங்கள் கூகுள் கணக்கில் லாகின் செய்த நிலையில் தேடியது காரணமாக இருக்கலாம். அந்தப் பதிவு கைபேசியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கணக்கின் விளம்பர அமைப்புகளில், உங்களுக்கென்று பொருத்திக் காட்டும் விளம்பரங்களை நிறுத்திவிடுங்கள். குக்கீக்கு அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது, அவசரத்தில் ஏற்கிறேன் என்று அழுத்தாமல், தேவையானவை மட்டும் என்பதையோ நிராகரிப்பதையோ தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

கேள்வி: பனியன் கம்பெனி அலுவலகத்தில் நாங்கள் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறோம். மின்னஞ்சல் பார்த்தபின் ஜன்னலை மூடினால் போதுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: போதாது, அம்மா. லாகின் குக்கீ பிரவுசரிலேயே தங்கிவிட்டால், அடுத்து அமர்பவர் பாஸ்வேர்டு தெரியாமலே உங்கள் அஞ்சலைத் திறக்க முடியும். ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள். அல்லது பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து, வேலை முடிந்ததும் அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடுங்கள், குக்கீகள் அழிந்துவிடும். ஆனால் நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பதை அலுவலக நெட்வொர்க்கிடமிருந்து மறைநிலை மறைக்காது. லாக் அவுட் செய்ய மறந்து வீடு திரும்பிவிட்டால், கைபேசியில் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, அலுவலகக் கம்ப்யூட்டரை அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.