வேலிக்குள் முளைத்த மரக்கன்று: வெட்டினால் போகாது

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்ந்து அடர்ந்திருக்கும் எங்கள் வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் வேம்பும் சவுண்டலும் (சூபாபுல்) முளைத்துள்ளன. மூன்று முறை வெட்டியும் முன்பைவிடத் தடித்து வளர்கின்றன. களைக்கொல்லி மருந்து அடித்தால் பட்டுப்போகும் என்கிறார் தோட்டம் பார்ப்பவர். அடிக்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: அடிக்கவே வேண்டாம். செம்பருத்தி பருத்திக் குடும்பத்துச் செடி. வயலில் அகன்ற இலைக் களைகளுக்கும் கோரைக்கும் அடிக்கும் 2,4-டி மருந்தின் சாரல் காற்றில் வந்து பட்டாலே பருத்தியின் இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும் என்பதைப் பருத்தி விவசாயிகள் அறிவார்கள். உங்கள் வேலிக்கும் அதே கதிதான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலையில் பட்டால் செம்பருத்தியும் சேர்ந்தே கருகும். அதை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிர வேறு எவரும் கையாளக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் யார், எதற்கு என்று கேட்காமலே போத்தலை எடுத்து நீட்டும் கடைகளை நான் இன்றும் பார்க்கிறேன். அறிவிப்பு வெளியிடுவதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

சவுண்டல் தரைமட்டத்தில் வெட்டுப்பட்டால், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து நான்கைந்து போத்துகளாகத் துளிர்க்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூலி பேசி அரிவாளோடு வருபவர் இதை அறியாதவர் அல்லர். அறிந்தே மேலோடு வெட்டிவிட்டுப் போகிறார். நல்ல மழைக்கு மறுநாள், அல்லது முந்தின மாலை அடிமண் ஊறத் தண்ணீர் விட்டுவிட்டு, பென்சில் பருமனுள்ள கன்றுகளை அடியில் பிடித்து நேராக மேலே இழுங்கள், ஆணிவேரோடு வந்துவிடும். கட்டைவிரலைவிடப் பருத்தவற்றுக்கு, வேலியின் வேர் அறுபடாதபடி வெளிப்பக்கம் மட்டும் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் தோண்டி, கழுத்துக்குக் கீழே ஆணிவேரைக் கைரம்பத்தால் அறுத்தெடுங்கள். உப்பு, அமிலம், மண்ணெண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் ஊற்றாதீர்கள்.

வேம்பில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் பெரிய வேப்பமரம் இருந்தால், நீங்கள் கன்று என்று நினைப்பது அதன் வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்றாக இருக்கலாம். மண்ணை விலக்கிப் பாருங்கள்: விதையில் வந்த கன்றுக்கு நேர்கீழே ஆணிவேர் இறங்கும், பக்கக்கன்றோ, படுக்கையாக ஓடும் தடித்த வேர் ஒன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதை இழுத்தால் வராது; தோண்டித் தாய்வேரைக் காயப்படுத்தினால், காயம் பட்ட இடத்தில் மேலும் துளிர்க்கும். வெட்டுவாயில் மருந்து தடவச் சொல்பவர்களை நம்பினால், அது வேர்வழியே போய்த் தாய்மரத்தையே தாக்கக்கூடும். ஆகவே பக்கக்கன்றை மட்டும் தாய்வேரை ஒட்டி நறுக்கிவிட்டு மண்ணை மூடுங்கள். மீண்டும் துளிர்த்தால் இலை விரிவதற்குள் கிள்ளி எறியுங்கள்.

வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்த பின் முளைப்பவற்றை ஐப்பசி மழையில் பிடுங்கினால் அந்த ஆண்டுக் கணக்கு தீர்ந்தது. சவுண்டல் விதை தடித்த தோலோடு மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அக்கம்பக்கத்தில் தாய்மரம் இருந்தால், காய் முற்றி வெடிப்பதற்கு முன்பே உங்கள் பக்கம் சாயும் கிளைகளை உரியவரிடம் கேட்டுக் கழிக்கச் சொல்லுங்கள்.