இலங்கையிலிருந்து படகில் தனுஷ்கோடிக்கு வரும் தமிழர்களைப் பற்றிய நம் கருத்தைச் செய்திகளா உருவாக்குகின்றன?

பெருமளவுக்கு ஆம். பொய்ச் செய்தியைவிட, எதைக் காட்டுகிறார்கள், எங்கே நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் அதிகம் வேலை செய்கிறது.

2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறி வந்தன. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. அரிசி, பால்மா விலையை அவர்களே கேமரா முன் சொன்னார்கள், கேட்டவர்கள் இரங்கினார்கள். அதே வருகையை ‘சட்டவிரோத நுழைவு, போலீஸ் விசாரணை’ என்று இரண்டு வரியில் போட்டால், படிப்பவர் மனதில் குற்றவாளிதான் வருவார்.

சாந்தோ ஐயங்கார் என்ற ஆய்வாளர் வறுமை, குற்றம் பற்றிய அமெரிக்க டிவி செய்திகளை ஆராய்ந்து 1991இல் எழுதினார்: தனிச் சம்பவமாகப் பார்ப்பவர்கள் பழியை அந்த ஆட்கள்மீது போடுகிறார்கள், பின்னணியோடு பார்ப்பவர்கள் அரசைக் கேட்கிறார்கள்.

இப்படி வருபவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் அகதிகள் முகாம் விஷயத்தில் எனக்கு வருத்தம் இதுதான். கரை சேர்ந்த நாள் செய்தி. அப்புறம் முகாமில் கழியும் வருடங்கள் செய்தியே இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இங்கேயே பிறந்து படித்த பிள்ளைக்கு ஏன் குடியுரிமை இல்லை என்பதை, படகு வந்த செய்தியோடு சேர்த்து ஒரு பத்தியாவது எழுத வேண்டாமா?