32 வாரத்துல தலை மட்டும் 29 வார அளவு காட்டுது, டெலிவரி தேதி மாறுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு கடைசியா பீரியட்ஸ் வந்தது மார்ச் 3. 8 வாரத்துல எடுத்த முதல் ஸ்கேன்ல ரெண்டு நாள் தான் வித்தியாசம், டெலிவரி தேதி டிசம்பர் 8ன்னு சொன்னாங்க. இப்ப 32 வாரம், குரோத் ஸ்கேன்ல பிபிடி (தலை அகலம்) 74 மிமீ, 29 வாரம் 5 நாள்னு போட்டிருக்கு. எச்சி (தலை சுத்தளவு) 290, ஏசி (வயித்து சுத்தளவு) 280, எஃப்எல் (தொடை எலும்பு நீளம்) 61. குழந்தை தலை மேல இருக்கு. ரிப்போர்ட் அடியில தேதி டிசம்பர் 13ன்னு மாறியிருக்கு. குழந்தைக்கு தலை சின்னதா? எனக்கு உண்மையிலேயே எத்தனை வாரம்?

பதில்: உங்களுக்கு 32 வாரம் தான்மா, தேதி டிசம்பர் 8 தான். அத மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

அந்த டிசம்பர் 13ஐ டாக்டர் யோசிச்சு போட்டிருக்க மாட்டாங்க, மெஷின் தானா போட்டது. பிபிடி, எச்சி, ஏசி, எஃப்எல் நாலையும் வாரமா மாத்தி சராசரி எடுத்து அதுல இருந்து ஒரு தேதி கணக்கு போட்டு கொடுத்துடும், நாம கேட்டாலும் கேக்காட்டியும். பெரும்பாலான மெஷின்ல இதுக்கு இருக்குறது ஹாட்லாக்னு ஒருத்தர் 1984ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல போட்ட ஃபார்முலா. உங்க நம்பர அதுல போட்டா எச்சி, ஏசி ரெண்டும் 32 வாரம், தொடை எலும்பு 31 வாரம் 5 நாள், பிபிடி மட்டும் 29 வாரம் 5 நாள். ஆக மூணு பேரு ஒரு பக்கம், பிபிடி மட்டும் தனியா நிக்குது, சராசரிய கீழ இழுத்தது அது தான்.

ஏன் பிபிடி மட்டும் அப்படின்னா, அது தலையோட அகலம் மட்டும் தான், ஒரு காதுக்கு மேல இருந்து இன்னொரு காதுக்கு மேல வரைன்னு வச்சுக்கோங்க. தலை உருண்டையா இருந்தா அது சரியா பேசும், முட்டை மாதிரி நீளமா இருந்தா அகலம் குறைஞ்சு தெரியும், ஆனா சுத்தளவு அதே தான் இருக்கும். உங்க குழந்தை ப்ரீச்ல இருக்கு, அதாவது தலை மேல புட்டம் கீழ, இப்படி இருக்குற குழந்தைங்களுக்கும் தண்ணி கம்மியா இருக்குற இடத்துலயும் தலை நீளமா அமுங்கி இருக்குறது ரொம்ப சகஜம். உங்க எச்சியையும் பிபிடியையும் வச்சு கணக்கு போட்டா முன்னந்தலையில இருந்து பின்னந்தலை நீளம் சுமார் 105 மிமீ வருது, அகலத்த நீளத்தால வகுத்தா 70 சதவீதம். வழக்கமா 70ல இருந்து 86 வரை இருக்கும், நீங்க கீழ் எல்லையில இருக்கீங்க. தலை சின்னதில்ல, நீளம், அவ்ளோ தான். இந்த மாதிரி நேரத்துல நான் பிபிடிய ஓரமா வச்சிட்டு எச்சிய தான் பார்ப்பேன். பிறந்தப்புறம் இந்த வடிவம் பெரும்பாலும் தானா சரியாயிடும்.

இன்னொண்ணு, ஸ்கேன் திரையில அளக்குறப்ப கர்சர் வைக்குற இடமும் முக்கியம். ஹாட்லாக் முறையில மேல் பக்க மண்டை ஓட்டோட வெளி விளிம்புல இருந்து எதிர்ப்பக்க ஓட்டோட உள் விளிம்பு வரை அளக்கணும், சில சார்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வெளி விளிம்பு. ஒண்ணுக்கு அளந்து இன்னொண்ணோட சார்ட்ல பார்த்தா போச்சு. 20 வாரத்துல பிபிடி சுமார் 47 மிமீ, வாரத்துக்கு 3 மிமீக்கு மேல வளரும், அதனால 1 மிமீ தப்பினா ரெண்டு நாள் தான் மாறும். 36 வாரத்துல வளர்ச்சி வாரத்துக்கு ரெண்டு மிமீ சொச்சம் தான், அங்க அதே 1 மிமீ மூணு நாளுக்கு மேல இழுத்துடும்.

அதோட கடைசி மாசங்கள்ல அப்பா அம்மா உடல்வாகு, சத்து எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு அளவுல இருக்கும். அதனால தான் 8 வாரத்துல தலையில இருந்து புட்டம் வரை அளக்குற சிஆர்எல் 5 நாளுக்கு மேல தள்ளினாலே தேதிய மாத்துறோம், 20 வாரத்துல 10 நாளுக்கு மேல தள்ளணும், 28 வாரத்துக்கு அப்புறம்னா 21 நாளுக்கு மேல. அதுவும் முன்னாடி ஸ்கேனே எடுக்காதவங்களுக்கு தான். முதல் ஸ்கேன் ஒத்துப்போனவங்களுக்கு அப்புறம் எடுக்குற ஸ்கேன் எல்லாம் வளர்ச்சி பார்க்க மட்டும் தான். மூணாங்கிளாஸ் பையன் குள்ளமா இருக்கான்னு பர்த் சர்டிபிகேட்ட திருத்துவோமா?

கவலைப்பட வேண்டியது எப்பன்னா, எச்சியே உங்க வாரத்துக்கு ரொம்ப குறைவா இருந்தா, இல்ல ஏசி பின்தங்கினா. ஏசி குறைஞ்சா குழந்தைக்கு சத்து சரியா போகலையோன்னு சந்தேகம், அப்ப ரத்த ஓட்டத்த காட்டுற டாப்ளர் ஸ்கேன் பார்க்கணும். உங்களுக்கு ரெண்டுமே சரியா இருக்கு. தண்ணி அளவு மட்டும் நீங்க எழுதல, ரிப்போர்ட்ல ஏஎஃப்ஐன்னு இருக்கும், பாத்துக்கோங்க. ப்ரீச் பத்தி இப்பவே பயப்படாதீங்க, 36 வாரத்துக்குள்ள நிறைய குழந்தைங்க தானா திரும்பிடும்.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க, அந்த 8 வார ரிப்போர்ட்ட ஃபைல்ல முதல் பக்கமா வைங்க. வலி வந்து ராத்திரி ஒரு மணிக்கு போனா டூட்டி டாக்டர் மேல இருக்குற பேப்பர தான் பார்ப்பாங்க, அங்க டிசம்பர் 13ன்னு இருந்தா அத தான் கேஸ் ஷீட்ல எழுதுவாங்க, 40 வாரம் தாண்டினதுக்கு அப்புறம் அந்த 5 நாள் கணக்கு பெரிய விஷயம்.