அப்பா ‘வலி இல்லை’ என்கிறார், டாக்டரிடம் என்ன சொல்வது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. கடைக்கு நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறது என்று நின்றுவிடுகிறார். இ.சி.ஜி. நார்மல். டாக்டர் கேட்டால் ‘வலியெல்லாம் இல்லை, வாயுதான்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி என்றால் குத்துவதும் எரிவதும்தான். இதயத்துக்கு ரத்தம் பற்றாதபோது பெரும்பாலும் பாரம் ஏற்றினது போல, இறுக்கிப் பிடித்தது போலத்தான் இருக்கும். அதனால் ‘வலிக்குதா?’ என்று கேட்காதீர்கள், ‘நடக்கும்போது நெஞ்சில் என்ன செய்யுது, காட்டுங்க’ என்று கேட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா, முஷ்டியை மூடி நடு நெஞ்சில் வைக்கிறாரா? முஷ்டி என்றால் எனக்குச் சந்தேகம் வலுக்கும்.

எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, சாப்பிட்டவுடன் நடந்தால் சீக்கிரம் வருகிறதா, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா, போன மாதத்தைவிட இப்போது குறைந்த தூரத்திலேயே வருகிறதா என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரமே போங்கள். வெளியே நாற்பது பேர் நிற்கும் ஓ.பி.யில் இதையெல்லாம் கேட்க இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, டெஸ்டுக்குச் சீட்டு எழுத மட்டும் எப்படியோ நேரம் இருக்கிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. சில விநாடிகளின் பதிவுதான். நடந்தால் வரும் அடைப்பு அதில் தெரியாமலே போகலாம். அதைக் காட்டி ‘கேஸ்தான்’ என்று மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் மாத்திரையை நம்பி நாள் கடத்தாதீர்கள். ‘பேக்கேஜ் செக்கப்’ விற்க வருகிறவர்களிடமும் சிக்காதீர்கள், முப்பது டெஸ்ட் எடுப்பார்கள், இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்து பத்து நிமிடத்தில் விடவில்லையா, வியர்த்துக் கொட்டுகிறதா, உடனே 108. கமிஷனுக்காகத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டும் ஆம்புலன்ஸ்காரர்களும் இருக்கிறார்கள், எங்கே போகிறோம் என்று ஏறும்போதே கேளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு விஷயம். நரம்பு மரத்துப்போய், நெஞ்சில் எதுவுமே தெரியாமல் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுவாங்கல், காரணமில்லாத வியர்வை, குமட்டல், மாடி ஏற முடியாத அசதி, இவை மட்டும்தான் தெரியும். ‘சுகர் இறங்கிடுச்சு’ என்று சர்க்கரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். மெஷினில் சுகரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தும் வியர்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நெஞ்சு வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை போடுகிறாரா என்று டாக்டர் கேட்கலாம். அது உடம்பில் இருக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சு மாத்திரையைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். பிள்ளைகள் எதிரில் எந்த அப்பாவும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். தாளை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள்.